பொள்ளாச்சிப் பானையை யாரும் பார்க்கவில்லை

வால்பாறையில் ஜூன், ஜூலை மாதங்களில் வீட்டை விட்டு வெளியே போக முடியாது. எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதிவிட்டு வந்தால் மீதி நேரம் மழைச் சத்தம்தான். கரண்ட் இருந்தால் ஏதாவது பார்ப்பேன், இல்லையென்றால் படிப்பேன். இந்த மழைக்கு இரண்டும் சேர்ந்து அமைந்தது. பார்த்தது 'டிடெக்டரிஸ்ட்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடர். படித்தது பிரான்சிஸ் புக்கானனின் பயண நூலில் பொள்ளாச்சி வரும் பக்கங்கள். ஒன்று 2014இல் பிபிசியில் வந்தது, மற்றது 1800இல் நடந்த பயணம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டிலும் மண்ணுக்குள் இருந்து காசு வருகிறது. காசு வந்த பிறகு மனுஷன் என்ன பண்றான் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் தொடர். மெக்கன்ஸி குரூக் எழுதி, இயக்கி, நடித்தும் இருக்கிறார். கூட டோபி ஜோன்ஸ். ஆண்டி, லான்ஸ் என்று இரண்டு நண்பர்கள். கையில் மெட்டல் டிடெக்டர், காதில் ஹெட்போன், அறுவடை முடிந்த வயல். நாள் முழுக்க நடப்பார்கள். 'கீங்' என்று சத்தம் வரும், குனிந்து தோண்டுவார்கள், கேன் மூடியின் வளையம் கிடைக்கும். மறுபடி நடப்பார்கள், பட்டன் கிடைக்கும். பெரும்பாலான எபிசோடுகளில் கிடைப்பது இந்த மாதிரிக் குப்பைதான். ஆனாலும் நான் எழுந்து போகவில்லை. புதையல் கதை என்றாலே வரைபடம், வில்லன், சாபம் என்று பழகிய நமக்கு, ஒன்றுமே கிடைக்காத ஒரு நாளை இவ்வளவு பொறுமையாகக் காட்டுவது புதுசு. எங்கே எது கிடைத்தது என்று குறித்து வைப்பதும், வயல்காரரிடம் அனுமதி கேட்டு அலைவதும்தான் கதையில் பாதி. நல்ல தொடர். சந்தேகமில்லாமல் பாருங்கள்.

ஆனால் அதில் ஒரு குறை எனக்கு உறுத்தியது. அங்கே அரசாங்கம் கண்ணுக்கே தெரியாது. பொருள் கிடைத்தால் யாரிடம் போவது என்ற பயம் பாத்திரங்களுக்கு இல்லை. தோண்டியவன் மனசுக்குள் நடப்பதை மட்டும் காட்டினால் போதும் என்ற வசதி எழுதியவருக்கு இருக்கிறது. அந்த வசதி எங்கிருந்து வந்தது என்பதைத் தொடர் சொல்வதே இல்லை. அங்கே இருப்பவனுக்கு அது காற்று மாதிரி. இங்கே உட்கார்ந்து பார்க்கிற எனக்கு அதுதான் முதலில் தெரிகிறது.

இனி மலையை விட்டு இறங்குவோம். நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் ஆழியார், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பொள்ளாச்சி. மேற்கே பாலக்காட்டுக் கணவாய். மலபார்க் கரையில் இறங்கிய சரக்கு கொங்கு நாட்டுக்குள் வர மலை ஏற வேண்டியதில்லை, இந்த இடைவெளி வழியாகவே வந்துவிடலாம். அதனால்தான் தமிழ்நாட்டில் ரோம வெள்ளிக் காசுப் புதையல்கள் அதிகம் கிடைத்த பகுதிகளில் பழைய கோயம்புத்தூர் ஜில்லா முக்கியமானது. பொள்ளாச்சி, வெள்ளலூர், பூதிநத்தம், கத்தாங்கண்ணி என்று பட்டியல் போகும். கிழக்கே போனால் கரூர்.

இந்தப் பட்டியலில் பழையது பொள்ளாச்சிதான். திப்பு வீழ்ந்த பிறகு, புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதக் கம்பெனி அனுப்பிய ஆள் புக்கானன். 1800 கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் வருகிறார். நூல் 1807இல் லண்டனில் மூன்று தொகுதியாக வந்தது. சமீபத்தில் இங்கே ஒரு பானை நிறைய ரோம வெள்ளிக் காசு தோண்டி எடுத்தார்கள், ஹர்டிஸ் என்ற அதிகாரி அதில் ஆறு காசை எனக்குக் கொடுத்தார் என்று எழுதுகிறார். இரண்டு வகைக் காசு, ஒன்று அகஸ்டஸ், மற்றது டைபீரியஸ். எல்லாம் ஒரே மதிப்பு, ஒவ்வொன்றும் 56 கிரெயின் எடை.

கணக்கு எழுதுகிறவன் புத்தி, நான் உடனே பெருக்கிப் பார்த்தேன். 56 கிரெயின் என்றால் சுமார் 3.63 கிராம். அகஸ்டஸ் காலத்துத் தெனாரியஸ் அச்சடித்துப் புதிதாக வரும்போது ஏறக்குறைய 3.9 கிராம். நீரோ கி.பி. 64இல் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதற்கு முந்தைய நல்ல வெள்ளிதான் பொள்ளாச்சிப் பானையில் இருந்தது, ஆனால் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அந்த ஒரு எண்ணை எழுதி வைத்ததால் இருநூறு வருஷம் கழித்தும் இவ்வளவு சொல்ல முடிகிறது. எடை போட்டதற்கு புக்கானனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி ஒரு கதை சொல்கிறார். காற்றில் அடித்துப்போய் இலங்கையில் கரையேறிய ஒரு ரோமனிடம் இருந்த தெனாரியஸ்களை அந்த ஊர் ராஜா பார்க்கிறார். தலைகள் வேறு வேறு, ஆனால் எடை எல்லாம் ஒன்று, நேர்மையான ஆட்கள் போல என்று ஆச்சரியப்படுகிறார். புக்கானனும் அதையேதான் குறிக்கிறார்: வகை இரண்டு, மதிப்பு ஒன்று. காசைக் கையில் வாங்கியவன் முதலில் பார்ப்பது அதைத்தான் போல.

இனி குறையைச் சொல்றேன். பானையில் மொத்தம் எத்தனை காசு? 'நிறைய'. எந்தத் தோட்டம்? இல்லை. எவ்வளவு ஆழம்? இல்லை. பானை என்ன நிறம், கறுப்பா சிவப்பா, வாய் எப்படி, மூடி இருந்ததா? இல்லை. அங்கே வேறு ஓடு, மணி, எலும்பு ஏதாவது? இல்லை. இந்தப் பயணத்தில் புக்கானன் எதையும் சும்மா விட்டவர் இல்லை, மண்ணையும் பயிரையும் வரியையும் பக்கம் பக்கமாக எழுதியவர். அவர் கையிலேயே பானை ஒரு வார்த்தையாக நின்றுவிட்டது. ஆறு காசுக்கு எடை இருக்கிறது. அந்தக் காசை ஆயிரத்துச் சொச்சம் வருஷம் காப்பாற்றிய மண்பானைக்கு ஒரு வரிகூட இல்லை.

பானை எதற்கு, காசிலேயே ராஜா பெயர் இருக்கிறதே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். டைபீரியஸ் கி.பி. 37இல் இறந்தார். அதனால் பானையைப் புதைத்தது 37க்குப் பக்கத்தில் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. காசு அடித்த தேதி வேறு, கப்பல் ஏறிய தேதி வேறு, மண்ணுக்குள் போன தேதி வேறு. நீரோ தரத்தைக் குறைத்த பிறகும், பழைய நல்ல வெள்ளியைத்தான் இங்குள்ளவர்கள் கேட்டு வாங்கினார்கள், அதனால் பழைய காசையே பொறுக்கி அனுப்பியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அப்படி என்றால் டைபீரியஸ் காசு ஒரு தலைமுறை கழித்து, இரண்டு தலைமுறை கழித்துக்கூட இங்கே வந்திருக்கலாம். இந்த விவாதத்தைத் தீர்க்கக் கூடியது காசு இல்லை, பானை ஓடு. 1945இல் அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் செய்தது அதுதான். இத்தாலியில் இருந்து வந்த அரெட்டைன் ஓடுகளுக்கு அங்கே ஏற்கெனவே தேதி தெரியும். அதே மண் அடுக்கில் கிடைத்த நம்மூர் ஓடுகளுக்கு அதை வைத்துத் தேதி சொன்னார். உடைந்த ஓட்டை வைத்து ஒரு காலத்தையே நிறுத்தி வைத்தார். நாமோ முழுப் பானையை உடைத்துக் காசை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கூட என்ன இருந்தது என்பதும் முக்கியம். கணவாய்க்கு அந்தப் பக்கம், திருச்சூர் ஜில்லா எய்யாலில் கிடைத்த புதையலில் ரோமத் தங்கம், ரோம வெள்ளி, அவற்றோடு நம் நாட்டு முத்திரைக் காசும் ஒன்றாக இருந்தன. வெளிநாட்டுக் காசும் உள்நாட்டுக் காசும் ஒரே கையில் புழங்கியது என்று அதை வைத்துப் பேச முடிகிறது. பொள்ளாச்சிப் பானையில் முத்திரைக் காசு இருந்து, அதைக் 'கறுத்த தகடு' என்று யாராவது ஒதுக்கியிருந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

வெள்ளலூரைப் பாருங்கள். அங்கே ஒரு தடவை அல்ல, 1842, 1891, 1931 என்று திரும்பத் திரும்ப வெள்ளிக் காசு வந்தது. முதல் தடவையே ஐந்நூற்றுக்கும் மேல். ஒரே ஊரில் இத்தனை முறை என்றால் அது வழியில் எவனோ பயந்து புதைத்த பணம் மட்டும் அல்ல, அங்கே ஏதோ தொடர்ந்து நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. வியாபாரிகள் தங்கும் இடமா, பட்டறையா, கிடங்கா? காசுகளை ராஜா வாரியாகப் பிரித்து எண்ணிய பட்டியல் நம்மிடம் உண்டு. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இன்றைக்கு வெள்ளலூர் என்றால் கோவைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு.

இந்த லட்சணத்தில்தான் யூடியூபில் புதையல் வீடியோக்கள் வருகின்றன. 'ரோமாபுரியே கொங்கு நாட்டுக்குக் கடன்பட்டது' என்ற ரீதியில் தலைப்பு, பின்னால் டிரம்ஸ். சொல்வது முழுப் பொய்யும் இல்லை. இந்தியாவுக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று பிளினியே புலம்பியிருக்கிறார். என் விமர்சனம் பெருமை பற்றியது அல்ல. அந்த வீடியோக்களில் காசு மட்டும் பளபளவென்று சுற்றும். எங்கே, எப்படி, எதனோடு என்ற கேள்வி வராது. 1800இல் வெள்ளைக்காரர் செய்த தவறைப் பின்னணி இசையோடு திரும்பச் செய்கிறோம், அவ்வளவுதான்.

சரி, ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும்? இங்கிலாந்தில் 2015இல் நடந்த இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். இரண்டும் மெட்டல் டிடெக்டரில் அகப்பட்டவை, இரண்டும் கி.பி. 870களின் கடைசியில் புதைந்த வைக்கிங் காலத்துப் புதையல்கள்.

ஒன்று ஆக்ஸ்போர்டுஷையரில் வாட்லிங்டன் பக்கம். கண்டெடுத்தவர் உடனே தகவல் சொன்னார். ஆய்வாளர் வந்து காசைப் பொறுக்காமல், மண் கட்டியோடு அப்படியே பெயர்த்து எடுத்துப்போனார். பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்து நிதானமாகப் பிரித்தார்கள். சுமார் 200 காசு. அவற்றில் வெஸெக்ஸ் ராஜா ஆல்ஃபிரட், மெர்சியா ராஜா கெயோல்வுல்ஃப் இருவர் பெயரிலும் ஒரே வகையில் அடித்த காசுகள் இருந்தன. அந்தக் கால வரலாற்று ஏடு கெயோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவை என்பது போல மட்டம் தட்டியிருந்தது. காசு வேறு கதை சொன்னது: இருவரும் சேர்ந்து நாணயம் வெளியிடும் அளவுக்குக் கூட்டாளிகள். 2017இல் ஆஷ்மோலியன் மியூசியம் அதை விலைக்கு வாங்கியது.

இன்னொன்று ஹியர்ஃபோர்டுஷையரில் லெம்ஸ்டர் பக்கம். எடுத்தவர்கள் இருவர் மறைத்துவிட்டார்கள். நிலத்துக்காரருக்கும் சொல்லவில்லை. சுமார் 300 காசு இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள், கைக்குத் திரும்ப வந்தது முப்பது சொச்சம். 2019இல் இருவருக்கும் சிறைத்தண்டனை. தண்டனை கிடைத்தது, ஆனால் மண்ணில் அந்தக் காசுகள் எப்படி இருந்தன என்பது யாருக்கும் கிடைக்கவில்லை. நல்ல சட்டம் இருந்தாலும் திருடன் திருடுவான். ஆனால் நல்ல சட்டம் இருந்ததால்தான் இன்னொருவர் பயப்படாமல் போன் எடுத்துப் பேசினார்.

அங்கே 1996இல் வந்த புதையல் சட்டப்படி, 300 வருஷத்துக்கு மேல் பழைய வெள்ளி, தங்கக் காசு இரண்டு சேர்ந்து கிடைத்தாலே சொல்லியாக வேண்டும். மியூசியம் எடுத்துக்கொண்டால் தனிக் குழு ஒன்று சந்தை விலை போடும், கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பிரித்துக்கொள்வார்கள். அதோடு, சட்டப்படி புதையல் ஆகாத சின்னப் பொருளையும் தானாக வந்து பதியச் சொல்லும் ஒரு திட்டம் 1997இல் இருந்து நடக்கிறது. பதிந்தவை பத்து லட்சத்துக்கும் மேல். இடம், தேதி, படம் எல்லாம். 'டிடெக்டரிஸ்ட்ஸ்' ஆட்கள் அவ்வளவு நிம்மதியாக நடப்பதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

நம்ம சட்டம் 1878. இன்னமும் அதேதான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் சொல்ல வேண்டும்: என்ன பொருள், எங்கே, எந்தத் தேதி. சொல்லாவிட்டால் பங்கு போய்விடும், ஒரு வருஷம் வரை ஜெயில் வாய்ப்பும் உண்டு. உரிமை கேட்கிறவர்கள் வரட்டும் என்று நாலு முதல் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் குறிப்பார்கள். யாரும் இல்லையென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் எடுத்தவனுக்கு முக்கால், நிலத்துக்காரனுக்குக் கால். நிறைய பேருக்கு இது தெரியாது. 'எல்லாத்தையும் அரசாங்கம் புடுங்கிக்கும்' என்றுதான் ஊரில் பேச்சு. சட்டம் அவ்வளவு மோசம் இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. அரசாங்கம் அந்தப் பொருளை எடுத்துக்கொள்ள நினைத்தால் தர வேண்டிய தொகை, அந்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். அதாவது நூறு ரூபாய் வெள்ளி என்றால் நூற்றிருபது. டைபீரியஸ் முகத்துக்கும், இரண்டாயிரம் வருஷத்துக்கும் சேர்த்து இருபது ரூபாய். வெள்ளிப் பட்டறையில் நூறு உடனே கிடைக்கும், கேள்வி கிடையாது. இந்த நிலையில் ஒரு விவசாயி எந்தப் பக்கம் போவார் என்று நீங்களே சொல்லுங்கள். எங்கே கிடைத்தது என்று சட்டம் கேட்கிறது. அந்த இடத்துக்கு ஆய்வாளர் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. 1878இல் எழுதியவர்களுக்கு அது ஒரு சொத்துத் தகராறு. யாருடைய வெள்ளி என்பதுதான் கேள்வி, என்ன கதை என்பது அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். மெட்டல் டிடெக்டர் இல்லை, சல்லடைதான். அவர்கள் கையிலிருந்து வியாபாரிக்கும், அங்கிருந்து சேகரிப்பாளருக்கும் போன காசுகளில்தான் சேரர் காசுகள் நமக்குத் தெரிய வந்தன. 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்து, ரோமக் காசைப் பார்த்து வடித்தது போலத் தலை போட்ட வெள்ளிக் காசு அப்படி வந்ததுதான். 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி மாதிரி ஆட்கள் வாங்கி, படித்து, 1997இல் சங்க காலக் காசுகள் பற்றி நூலே போட்டார். சட்டப்படிதான் எல்லாம் என்று நின்றிருந்தால் அந்தக் காசுகளில் பல உருகியிருக்கும். அதனால் சலித்தவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தக் காசுகளுக்கும் மண் அடுக்கு கிடையாது. ஆறு புரட்டிப் போட்டது, சல்லடை எடுத்தது. காப்பாற்றியது உண்மை, பாதிதான் காப்பாற்றியது என்பதும் உண்மை.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பல வருஷம் முன்னால், ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் மேலே வந்திருந்தார். எனக்குப் பழைய காசுப் பைத்தியம் என்று அவருக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து பேப்பரில் மடித்த ஒன்றை எடுத்தார். "தென்னம்பிள்ளைக்குக் குழி எடுக்கறப்ப வந்துதுங் தம்பி. இன்னும் கொஞ்சம் கெடக்குது. இது செல்லுங்களா?" என்று சிரித்தார். கறுத்துப்போன வெள்ளி. தேய்த்துப் பார்த்த ஒரு பக்கம் வலது பார்த்த தலை, பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்த உருவம். படத்தில் எத்தனையோ தடவை பார்த்த டைபீரியஸ் காசு மாதிரியே இருந்தது. எனக்குக் கை நடுங்கியது.

"அண்ணா, இதைத் தாசில்தார் ஆபீஸ்ல சொல்லிருங்க" என்றேன்.

"சொல்லிப்போட்டு, அப்பறம் ஆளுக வந்து தோட்டத்துல நின்னுக்கிட்டா என்னுங் பண்றது? அது நமக்கு ஆகாதுங்" என்றார். காசை வாங்கி மடித்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஒரு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கேட்டேன். "அது பட்டறைக்குப் போயிருச்சுங் தம்பி. பேத்திக்குக் கொலுசு பண்ணிப்போட்டனுங்" என்றார். அந்தக் குழந்தை பந்தலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல்தான். காசு என் கையில் பத்து நிமிஷம் இருந்தது. தலையைப் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன், ராஜா யாரென்று யோசித்தேன். குழி எவ்வளவு ஆழம் என்று கேட்கவில்லை. காசு பானையில் இருந்ததா, சும்மா மண்ணில் கிடந்ததா என்று கேட்கவில்லை. ஓடு ஏதாவது வந்ததா, அதை எங்கே வீசினீர்கள் என்று கேட்கவில்லை. எடைகூடப் போடவில்லை. புக்கானன் அதையாவது செய்தார்.

அந்த ஓடுகள் இன்னும் அந்தத் தோப்பு வரப்பில் எங்கேயோதான் கிடக்கும். வெள்ளியை உருக்கலாம், ஓட்டை யாரும் உருக்க மாட்டார்கள். மழை விட்டதும் கீழே இறங்கி அண்ணனைப் பார்த்து, அந்தத் தென்னை எது என்று கேட்கப் போகிறேன். தோண்டுவதற்கு அல்ல, அது என் வேலையும் இல்லை, லைசென்ஸ் இல்லாமல் தோண்டவும் கூடாது. வரப்பில் கிடப்பதைப் படம் எடுத்து, எந்த மரத்துக்கு எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதி வைக்கலாம் என்றுதான். அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும், அது வேறு விஷயம்.

உங்களில் யாருக்காவது குழி வெட்டும்போது இப்படி ஏதாவது வந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காசைக் கழுவாதீர்கள், பானையை உடைக்காதீர்கள், எடுக்கும் முன்னால் இருக்கிறபடியே போனில் ஒரு படம் எடுங்கள். சட்டப்படி சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள். காசு எங்கே போனாலும், அந்தப் படமாவது மிஞ்சும்.